வேலையை விட்டு, நாடு மாறி, பைலட் ஆக நினைக்கிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

முப்பதைத் தாண்டிய பிறகு, கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய் பைலட் ஆகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த ஃபிளையிங் ஸ்கூல் நல்லது?" என்றுதான். நியாயமான கேள்விதான், ஆனால் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டியது. பயிற்சி முடிந்த மறுநாள் எந்த நாட்டில் உங்களுக்குச் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருக்கும்? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இதற்குப் பதில் இல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு, லைசென்ஸ் கையில் இருந்தும் விசா முடிந்து ஊர் திரும்பி, இன்னொரு நாட்டு லைசென்ஸுக்காக மறுபடியும் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

வயதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம் அதுதான். சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 18, மேல் வரம்பு கிடையாது. வரம்பு மறுமுனையில் இருக்கிறது: சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, சர்வதேச வணிகப் போக்குவரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பைலட்டுகள் ஓட்டும் விமானம் என்றால் 65 வயது வரை, தனி பைலட் என்றால் 60 வரை. அதனால் 38 வயதில் தொடங்கி 43-ல் ஏர்லைனில் உட்கார்ந்தால்கூட 22 ஆண்டு மிச்சம் இருக்கிறது, அது சின்னக் காலமில்லை. ஆனால் பல ஏர்லைன்களில் எல்லாமே சீனியாரிட்டி. எப்போது கேப்டன், எந்த ஊரில் பேஸ், எந்த மாதம் லீவு என்பதெல்லாம் நீங்கள் சேர்ந்த தேதியைப் பார்த்துத்தான். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர் கேப்டனுக்கான இடது பக்க சீட்டில் இருப்பார், நீங்கள் வலது பக்கம். பழைய வேலையில் ஒரு டீமையே மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கசக்கும். கசக்குமா என்பதை இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸும் வேலை அனுமதியும் ஒரே நாட்டில் இருக்கட்டும்

1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த லைசென்ஸோ, அந்த நாடு செல்லும் என்று ஏற்றுக்கொண்ட லைசென்ஸோ அதை ஓட்டுபவரிடம் இருக்க வேண்டும். ஐகாவோ தரங்களை வகுக்கிறது, அவ்வளவுதான், யாருக்கும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. ஆகவே "உலகம் முழுக்கச் செல்லும் ஐகாவோ லைசென்ஸ்" என்று எந்த விளம்பரமாவது சொன்னால் அதைப் பாதி உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கொடுப்பது அமெரிக்காவில் எஃப்ஏஏ, கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடா, ஆஸ்திரேலியாவில் காசா. ஐரோப்பாவில், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் விதிகளின்படி அந்தந்த நாட்டு அதிகாரம் கொடுக்கும். பிரிட்டன் 2020 கடைசியோடு இயாசாவிலிருந்து வெளியே வந்துவிட்டது, இப்போது அங்கே வாங்கும் லைசென்ஸ் வேறு, ஐரோப்பிய லைசென்ஸ் வேறு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சில இடங்களில் சுலபம், சில இடங்களில் முதலிலிருந்து படிப்பது மாதிரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே 2006-லிருந்து ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, சின்னப் பரீட்சையோடு மாறிக்கொள்ளலாம். அமெரிக்க சிபிஎல்லை வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய் ஏர்லைனுக்கு முயல்வது என்றால் ஏர்லைன் விமானி உரிமமான ஏடிபிஎல்லின் தியரி 13 பாடத்தையும் எழுதி, ஓட்டிக்காட்டும் தேர்வும் கொடுக்க வேண்டும். வானிலை நன்றாக இருக்கிறது, செலவும் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு நாட்டில் லைசென்ஸ் வாங்கினால், மிச்சப்படுத்தியதையெல்லாம் இந்த மாற்றத்திலேயே விட்டுவிடுவீர்கள்.

விசா பக்கம் இன்னும் சிக்கல். மாணவர் விசா பயிற்சிக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். அமெரிக்காவின் எம்-1 விசாவில் படிக்கும்போது வேலை பார்க்க முடியாது. முடித்த பிறகு, படித்த ஒவ்வொரு 4 மாதத்துக்கும் 1 மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 6 மாதம் தொழில் அனுபவத்துக்கு அனுமதி கிடைக்கலாம். அங்கே ஏர்லைனில் உட்காரத் தேவைப்படுவது பொதுவாக 1500 மணி நேரம், சிபிஎல் முடிக்கும்போது உங்களிடம் இருப்பது சுமார் 250. ஆறு மாதத்தில் தலைகீழாக நின்றாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. ஐரோப்பிய ஏர்லைன்களும் பெரும்பாலும் விளம்பரத்திலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கவும் வேலை செய்யவும் தடையில்லாத உரிமை வேண்டும் என்று போட்டுவிடுவார்கள். அது இல்லையென்றால் உங்கள் விண்ணப்பத்தை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

இதனால்தான் நான் யார் கேட்டாலும் ஒரே வழியைச் சொல்கிறேன். நாடு மாறுவதைப் பழைய தொழிலை வைத்துச் செய்யுங்கள், பைலட் ஆவதை அங்கே காலூன்றிய பிறகு செய்யுங்கள். கணினித் துறையோ, நர்ஸிங்கோ, கணக்கு வேலையோ, பத்து வருட அனுபவம் இருப்பவருக்குக் குடியேற்றத்தில் மதிப்பு உண்டு. 200 மணி நேரம் பறந்த புது பைலட்டுக்கு யாரும் வேலை விசா வாங்கித் தருவதில்லை. உங்கள் துணைவரின் தொழில் மூலமாக நிரந்தர வசிப்புரிமை வருகிறது என்றால் அதுவும் சரிதான், காகிதம் யார் பெயரில் வந்தால் என்ன. இரண்டு மூன்று வருடம் தாமதமாகும். ஆனால் அந்த நாட்களில் சம்பளம் வரும், அந்த ஊர் ஆங்கிலம் காதுக்குப் பழகும், வார இறுதிகளில் பறக்கத் தொடங்கிவிடலாம்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை: இதுவரை இருந்த ஒவ்வொரு நாட்டிலும் காவல்துறை நற்சான்று வாங்கி வையுங்கள். விமான நிலையத்துக்குள் வேலை செய்ய அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பின்னணி விசாரணை உண்டு. ஐரோப்பாவில் கடந்த 5 ஆண்டு எங்கே படித்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள், நடுவில் இடைவெளி இருந்தால் அது ஏன் என்பது வரை கேட்பார்கள். அமெரிக்காவில் குடிமகன் அல்லாதவர் யாராக இருந்தாலும், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, பைலட் பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அனுமதி வாங்க வேண்டும்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் மெடிக்கல்

சிபிஎல்லுக்குத் தேவை கிளாஸ் 1 மெடிக்கல் எனப்படும் மருத்துவத் தகுதிச் சான்று. கனடாவில் இதன் பெயர் கேட்டகரி 1. அமெரிக்காவில் சிபிஎல்லுக்கு செகண்ட் கிளாஸ் போதும் என்றாலும் ஏர்லைன் கேப்டனுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் வேண்டும், அதனால் ஆரம்பத்திலேயே அதை எடுத்துப் பார்த்துவிடுங்கள். எந்த நாட்டு லைசென்ஸ் வாங்கப் போகிறீர்களோ அந்த நாடு அங்கீகரித்த டாக்டரிடம் எடுக்க வேண்டும். ஐரோப்பிய கிளாஸ் 1 முதல் தடவை என்றால் அதற்கென்றே இருக்கும் விமான மருத்துவ மையத்துக்குத்தான் போக வேண்டும்.

கண், காது, ஈசிஜி, ரத்த அழுத்தம், சிறுநீர், பழைய மருத்துவ வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப் பார்வைதான் பலரைக் கவிழ்க்கிறது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளில் தடுமாறினாலும் அத்தோடு கதை முடிந்துவிடாது, அடுத்த கட்டச் சோதனைகள் உண்டு. ஆனால் அதை எல்லாம் விற்றுவிட்டு வந்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. நாற்பதை நெருங்கும், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களிடம் அடிக்கடி தலைகாட்டுபவை ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கல், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது. கல்லுக்கு ஏன் கவலை என்றால், பறக்கும்போது வலி வந்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது, அதனால் கல் உள்ளே இருக்கிறது என்றால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டது, கவனக்குறைபாட்டுக்குச் சிகிச்சை எடுத்தது போன்றவற்றை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. எதையும் மறைக்காதீர்கள். படிவத்தில் பொய் சொல்வது அமெரிக்காவில் குற்ற வழக்கு வரை போகும், பின்னால் வேறு எதற்காகவோ ஆவணங்களைத் தோண்டும்போது வெளியே வந்தால் லைசென்ஸே போகும். முடிந்தால் ஒரு விமான மருத்துவரிடம் முதலில் ஆலோசனையாகப் பேசிவிட்டு, அப்புறம் படிவத்தை நிரப்புங்கள். ஒரு தடவை நிராகரிப்பு என்று பதிவானால் அதை எடுப்பது பெரும்பாடு.

பணத்தை எப்படிக் கொடுப்பது

மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் ஸ்கூலுக்குத் தலைவைத்தும் படுக்காதீர்கள். தள்ளுபடி தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஃபிளையிங் ஸ்கூல்கள் திவாலாவது புதிதல்ல, அப்படி மூடும்போது வரிசையில் கடைசியாக நிற்பது மாணவர்கள்தான். சின்னச் சின்னத் தவணையாக, பறக்கப் பறக்கக் கட்டும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, "ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு" என்கிறார்களே, அந்த மணி எதில் அளக்கிறது என்று கேளுங்கள். விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கும், பொதுவாக இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து ஓடும், ஒரு மணியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். டாக்கோ மீட்டர் இன்ஜினின் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது, தரையில் ஊர்ந்து போகும்போதும் (டாக்ஸி) ரன்வே முனையில் காத்திருக்கும்போதும் மெதுவாகத்தான் நகரும். பெரிய ஏர்போர்ட்டில் ஆறு விமானத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது ஹாப்ஸ் உங்கள் காசைத் தின்றுகொண்டிருக்கும். அந்த விலையில் எரிபொருள் சேர்த்தியா, இன்ஸ்ட்ரக்டர் கட்டணம் தனியா, தரையில் பாடம் எடுக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, லேண்டிங் கட்டணம், எக்ஸாமினர் கட்டணம், தேர்வில் தவறினால் மறுபடி என்ன செலவு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்கூல் சொல்லும் மதிப்பீடு பெரும்பாலும் விதியில் உள்ள குறைந்தபட்ச மணி நேரத்தை வைத்துப் போட்டதாக இருக்கும். பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமத்துக்கு அமெரிக்காவில் குறைந்தபட்சம் 40 மணி, அந்த 40-ல் முடிப்பவர்கள் அபூர்வம். பகுதி நேரமாகப் பறக்கும் நாற்பது வயதுக்காரருக்கு 60, 70 ஆவது சாதாரணம். மதிப்பீட்டுக்கு மேலே கால் பங்கு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் குடும்பச் செலவைத் தொடாத பணமாக.

ஸ்கூலுக்கு நேரில் போய்ப் பார்க்கும்போது சோபா இருக்கும் வரவேற்பறையில் உட்காராமல், வெளியே விமானம் நிறுத்தும் இடத்துக்குப் போய் எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை விமானம் இன்ஜின் கவர் திறந்தபடி கிடக்கிறது என்று பாருங்கள். அங்கே படிக்கும் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு, போன மாதம் எத்தனை தடவை பறந்தாய், எத்தனை தடவை விமானமோ இன்ஸ்ட்ரக்டரோ இல்லாமல் ரத்தானது என்று கேட்டால், விளம்பரத்தில் இல்லாத விஷயமெல்லாம் வெளியே வரும்.

பயிற்சியின் வரிசை

மொத்தமாக முழுநேரம் படிப்பது ஒரு வகை, அதை இன்டகிரேட்டட் என்பார்கள். துண்டு துண்டாக, ஒவ்வொரு லைசென்ஸாக வாங்குவது மாடுலர். நாடு மாறிய, குடும்பம் இருக்கிற, இரண்டாவது தொழில் தேடுகிறவருக்கு மாடுலர்தான் பொருந்தும் என்பது என் கருத்து. எந்தக் கட்டத்திலும் நிறுத்தி மூச்சுவிட்டுக்கொள்ளலாம், ஸ்கூல் பிடிக்கவில்லை என்றால் மாறலாம். எம்பிஎல் என்று இன்னொன்று உண்டு, ஐகாவோ 2006-ல் கொண்டுவந்தது, பெரும்பகுதி சிமுலேட்டரில், ஒரே ஏர்லைனோடு கட்டிப்போட்ட பயிற்சி. அந்த ஏர்லைன் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டால் அந்த லைசென்ஸோடு அந்தரத்தில் நிற்க வேண்டியிருக்கும். விசாவும் தொங்கலில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வரிசை பொதுவாக இப்படிப் போகும்: முதலில் பிபிஎல். அப்புறம் இரவுப் பறத்தலும் மணி சேர்ப்பதும். பிறகு மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதோடு சிபிஎல், கடைசியில் மல்டி இன்ஜின். நாட்டுக்கு நாடு முன்பின் மாறும். சிபிஎல்லுக்கு ஐகாவோ வைத்திருக்கும் தரம் மொத்தம் 200 மணி, அங்கீகரித்த முழுப் படிப்பு என்றால் 150. இதில் 100 மணி (முழுப் படிப்பில் 70) நீங்களே பொறுப்பு பைலட்டாக ஓட்டியிருக்க வேண்டும், குறைந்தது 540 கிலோமீட்டர் போய் வழியில் இரண்டு வேறு ஏர்போர்ட்டுகளில் இறங்கி முழுதாக நின்ற பயணமும் ஒன்று இருக்க வேண்டும். அமெரிக்கா வழக்கமான வழியில் 250 மணி கேட்கிறது.

வாரத்துக்கு மூன்று தடவை பறக்க முடிகிற மாதிரி நேரமும் பணமும் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். வாரத்துக்கு ஒன்று என்று இழுத்தால், போன வாரம் கற்ற லேண்டிங்கை இந்த வாரம் மறுபடி கற்பதற்கே காசு போகும். வானிலையால் ரத்தாவது வேறு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை மட்டுமாவது லீவு போட்டு ஒரே மூச்சில் முடியுங்கள், இடைவெளி விட்டால் கை மறந்துவிடும்.

தியரிக்கு உங்கள் பழைய படிப்புப் பழக்கம் கை கொடுக்கும். ஐரோப்பிய முறையில் 13 பாடம், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், முதல் பரீட்சை எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், ஒரு பாடத்துக்கு 4 வாய்ப்புதான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இந்த 18 மாதத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வு லேசு, ஆனால் செக்ரைடு எனப்படும் ஓட்டிக்காட்டும் தேர்வு நாளன்று எக்ஸாமினர் எதிரில் உட்கார்ந்து வாய்மொழியாக மணிக்கணக்கில் கேட்பார். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

ரேடியோ

ஆங்கிலத்தில் வேலை செய்தவர்கள்கூட விமானத்திலிருந்து ரேடியோவில் பேசும்போது திணறுவார்கள், அது ஆங்கிலப் பிரச்சினையே இல்லை. ஐகாவோ ஆங்கிலத் தேர்ச்சியில் லெவல் 4 கட்டாயம், 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பார்கள், லெவல் 5 என்றால் 6 ஆண்டு, லெவல் 6 வாங்கிவிட்டால் திரும்ப வேண்டாம். நம் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, எண்களைத் தனித்தனியாக, சொல்லவேண்டிய வரிசையில் சொன்னால் போதும்.

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் ஒரே மூச்சில் உங்கள் விமானத்தின் பெயர், டாக்ஸி வழி, "ஹோல்ட் ஷார்ட் ரன்வே டூ செவன்" (ரன்வே 27-க்குள் நுழையாமல் வெளியே நில்) என்று கொட்டுவார். நீங்கள் திருப்பிச் சொல்லும்போது வழியை மட்டும் சொல்லி "ஹோல்ட் ஷார்ட்" என்பதை விட்டுவிட்டால் அவர் விடமாட்டார், மறுபடி கேட்பார், ஏனென்றால் பயன்பாட்டில் இருக்கும் ரன்வேக்குள் தவறி நுழைவதைத் தடுப்பது அந்த வார்த்தைதான். முழங்காலில் கட்டிய அட்டையில் எழுதிக்கொண்டே கேளுங்கள். புரியவில்லையா, "சே அகெய்ன்". செய்ய முடியாததைச் சொல்கிறாரா, "அனேபிள்". பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிப் பழகிய நமக்கு இந்த இரண்டாவது வார்த்தை வாயில் வரத் தாமதமாகும், வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

லாக்புக்

லாக்புக் என்பது நீங்கள் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் ஏடு. முதல் நாளிலிருந்தே இன்னொரு நாட்டு அதிகாரி இதைப் படிக்கப் போகிறார் என்ற நினைப்பில் எழுதுங்கள். பொறுப்பு பைலட் நேரம் என்று எதை எழுதலாம், இரவு எப்போது தொடங்குகிறது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் மொத்த நேரத்தை மட்டும் எழுதாமல், யார் கூட இருந்தார், எந்த வேலையில் இருந்தீர்கள், எந்த நேரத்துக்குக் கிளம்பி எந்த நேரத்துக்கு நின்றது என்று முழுதாகக் குறித்துவையுங்கள். இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் அவர் லைசென்ஸ் எண்ணும் அன்றன்றைக்கே வாங்குங்கள், பலர் ஏர்லைனுக்குப் போய்விடுவார்கள், பிறகு தேட முடியாது. ஸ்கூலை விட்டு வரும்போது பயிற்சிப் பதிவேட்டின் நகலை முத்திரையோடு வாங்கிவிடுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

250-லிருந்து 1500 வரை

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்தது. அதைத் தொடர்ந்து 2010-ல் வந்த சட்டம் 2013-ல் நடைமுறையானது, அதன்பிறகு அங்கே ஏர்லைன் கோ-பைலட்டுக்கும் 1500 மணி வேண்டும். ராணுவப் பைலட்டுகளுக்கும் குறிப்பிட்ட விமானப் பட்டம் படித்தவர்களுக்கும் மட்டும் சலுகை. ஐரோப்பாவில் அந்த நிபந்தனை இல்லை, தியரி முழுதும் முடித்து, இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் எம்சிசி பயிற்சியும் எடுத்தவர் 200 சொச்சம் மணியோடு ஏர்பஸ்ஸில் உட்கார முடியும். ஆனால் போட்டி அதிகம், குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டத் தேவையான டைப் ரேட்டிங் செலவை உங்கள் தலையில் கட்டும் இடங்களும் உண்டு. சம்பளம் வாங்காமல், நீங்களே காசு கொடுத்து ஏர்லைனில் மணி சேர்க்கும் திட்டங்கள் வந்தால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மணி சேர்க்க எல்லோரும் போகும் வழி இன்ஸ்ட்ரக்டர் வேலை. உங்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது: பெரியவர்களோடு வேலை பார்த்த அனுபவம். பயந்த மாணவரைப் பேசிச் சமாளிப்பது இருபத்திரண்டு வயதுக்காரரைவிட உங்களுக்கு நன்றாக வரும். அது போக நிலப்பரப்பைப் படமெடுப்பது, ஸ்கைடைவிங் விமானம், குழாய்த் தடங்களைக் கண்காணிப்பது என்று இருக்கின்றன. கனடாவின் வடக்கில் சில சின்னக் கம்பெனிகள் முதலில் சரக்கு ஏற்றி இறக்கும் தரைவேலை கொடுத்து, அப்புறம்தான் சீட்டுக்குக் கூப்பிடும், அதுவும் குளிர் எலும்பைத் துளைக்கும் ஊர்களில். வீட்டில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் சம்பளம் உங்கள் பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆள் எடுப்பது அலை அலையாகத்தான் வரும். 2001, 2008, 2020 மூன்று தடவையும் ஒரே நாளில் நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் முடிக்கும்போது அலை இறங்கியிருந்தால் பழைய தொழிலுக்குத் தற்காலிகமாகத் திரும்பத் தயங்காதீர்கள், அதற்காக அந்தத் துறைச் சான்றிதழ்களைக் காலாவதியாக விடாதீர்கள். ஆனால் பறப்பதை முழுதாக நிறுத்திவிடக் கூடாது. அமெரிக்க விதியில் பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் 3 தடவை டேக்-ஆஃபும் லேண்டிங்கும் செய்திருக்க வேண்டும், கருவி விதிப்படி பறக்க 6 மாதத்துக்குள், கருவிகளைப் பார்த்தே ரன்வேயை நோக்கி இறங்கி வரும் அப்ரோச் 6 செய்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கலும் அப்படியே. இந்தத் தேதிகளையெல்லாம் ஃபோன் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டுவையுங்கள். ஏர்லைனிலிருந்து அழைப்பு வந்தால் பெரும்பாலும் அடுத்த வாரமே சிமுலேட்டருக்கு வரச் சொல்வார்கள்.